நற்பெயருக்கு நான்கெல்லை

திண்டிவனம் மண்டித் தெருவில் ஒரு வியாபாரியை இன்னொரு வியாபாரி நல்லவர் என்று சொன்னால், கேட்டவர்கள் உடனே செருப்பைத் தேடுவார்கள். அந்த நல்லவரின் கடை இன்னும் திறந்திருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பதற்குத்தான். கடை மூழ்கியவரையும் காலமானவரையும் தவிர வேறு யாரையும் அந்தத் தெருவில் அப்படிச் சொல்கிற வழக்கம் இல்லை. நன்றாக நடக்கிற கடைக்காரரை நாலு பேர் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திட்டு குறைந்தால் வியாபாரம் குறைகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் கணக்கில் பாண்டுரங்கன் அமோகமாக இருந்தார். அவருடையது மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மொத்த வியாபாரம். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே எதிர் மண்டி ராஜாமணி அர்ச்சனையைத் தொடங்கிவிடுவார்.

"வந்துட்டியா கொள்ளைக்காரா? இன்னிக்கி எவன் தலையில மொளகா அரைக்கப்போற?"

"உன் தலைதான் காலியா கெடக்குதே, அங்கியே அரைச்சிக்கறேன்."

இது நடந்தால்தான் இருவருக்கும் டீ இறங்கும். இளவட்ட வயதில் தொடங்கிய சிநேகிதம் இப்படியே ஓடி, இருவருக்கும் சர்க்கரை வந்து, டீயில் சர்க்கரை நின்று, இன்னும் தொடர்ந்துகொண்டிருந்தது.

வினை சாலை விரிவாக்கத்தில் வந்தது. பாண்டுரங்கன் பக்கத்து வரிசை முழுவதும் தை பிறந்ததும் இடிபடும் என்று சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். ராஜாமணி பக்கம் தப்பியது. அதற்கும் பாண்டுரங்கன் ராஜாமணியைத்தான் திட்டினார்.

ஐம்பத்தைந்து வயதுக்குமேல் என்ன தொழில் செய்வது? பாண்டுரங்கனுக்கு எடை பார்க்கத் தெரியும், ஒரே இடத்தில் உட்காரத் தெரியும், எவன் பேச்சையும் நம்பாமல் இருக்கத் தெரியும். "இது மூணும் தெரிஞ்சவருக்கு அடகுக்கடைதாங்க தோது" என்றாள் மனைவி புனிதா. விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கடை அமைந்தது. 'புனிதா அடகுக்கடை' என்று போர்டும் எழுதியாயிற்று. உரிமம் வருகிறவரை அதன்மேல் ஒரு கோணியைக் கட்டிவைத்தார்கள். கோணிக்கு மண்டியில் பஞ்சமில்லை.

உரிமம் தருவதற்காக விழுப்புரத்தில் புதிதாக ஒரு அலுவலகம் திறந்திருந்தார்கள். நிதித்தொழில் நற்பெயர்ச் சரிபார்ப்பு அலுவலகம் என்று பெயர். நகையை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கப்போகிற எவரும் தமக்குத் தொழிலில் நற்பெயர் உண்டு என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும் என்பது விதி. எப்படி நிரூபிப்பது என்பதை எழுத விதி எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். அங்கே வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் நில அளவையிலும் பத்திரப் பதிவிலும் தலை நரைத்து மாற்றலாகி வந்தவர்கள். விதியில் இல்லாததைத் தங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பிக்கொண்டார்கள்.

உதவி இயக்குநர் தாண்டவராயன் மனுவைப் புரட்டியபடியே கேட்டார்.

"நற்பெயர் பூர்வீகமா, சுயார்ஜிதமா?"

பாண்டுரங்கன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. "என்னையா சார் கேக்கறீங்க? எங்கப்பாவும் மண்டிதான் வச்சிருந்தாரு. அவருக்கும் நல்ல பேருதான்."

"அப்ப பூர்வீகம். கூடப் பொறந்தவங்க?"

"ஒரே தம்பி சார். ஓசூர்ல இருக்கான்."

"அவருக்கு இதுல சரிபாதி உண்டே! விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கினு வாங்க. நாளைக்கு அவரு வந்து, எங்கப்பன் நல்ல பேருல என் பங்கைப் பிரிச்சிக் குடுன்னு நின்னா என்ன பண்ணுவீங்க?"

"சார், அவன் சீட்டாடியே எங்கப்பா பேரைக் கெடுத்தவன் சார். அவனுக்கு என்ன பங்கு?"

தாண்டவராயன் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப வில்லங்கம் இருக்குன்னு சொல்லுங்க."

பாண்டுரங்கன் பாதி உயிராகிவிட்டார். "சுயார்ஜிதம்னே போட்டுக்குங்க சார். எல்லாம் நானா சம்பாதிச்சது."

"எந்தத் தேதியில?"

"நல்ல பேரை எப்படி சார் தேதி போட்டு சம்பாதிக்கறது?"

தாண்டவராயன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மனுதாரர்கள் புரிந்துகொள்ளாமல் பேசும்போது அவர் கோபப்படுவதில்லை, விளக்கம் சொல்வார்.

"இங்க பாருங்க பாண்டுரங்கன். உங்களப் பாத்தாலே நேர்மையான மனுஷன்னு தெரியுது. அதுல எனக்குத் துளி சந்தேகம் இல்ல. அதான் கஷ்டமே. கெட்டவன்னா எங்களுக்கு வேலை சுலபம். ஸ்டேஷன்ல ஒரு தாளு இருக்கும், கோர்ட்டுல ஒரு தாளு இருக்கும். போன மாசம் ஒருத்தரு வந்தாரு. மேல ஏழெட்டு கேஸு, எல்லாத்துலயும் விடுதலை. யோசிச்சிப் பாருங்க, ஏழெட்டு தடவை கோர்ட்டே அவரு தப்பு பண்ணலைன்னு எழுதிக் குடுத்திருக்கு! ஒரே நாள்ல உரிமம் குடுத்தனுப்பினோம். உங்கள மாதிரி ஆளுங்களாலதான் பேஜாரு. இத்தினி வருஷம் தொழில் பண்ணியிருக்கீங்க, ஒரு கேஸாவது வாங்கி வச்சிருக்கக் கூடாதா?"

பாண்டுரங்கன் தலை குனிந்தார். அவருக்கே அது குறையாகத்தான் பட்டது.

"பரவால்ல, விடுங்க. இன்ஸ்பெக்டர் இனியவனை அனுப்பறேன். உங்க நல்ல பேரு எதுவரைக்கும் போவுதுன்னு நாலு பக்கமும் அளந்து கல்லு நட்டுடுவாரு. நான்கெல்லை தெரிஞ்சிட்டா மத்ததெல்லாம் தானா வரும்."

இனியவன் ஒரு 'குட்டி யானை' சரக்கு வண்டியில் வந்து இறங்கினார். கையில் அளவு நாடா, வண்டி நிறையக் கருங்கற்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் 'ந.பெ.' என்று எழுதியிருந்தது. மண்டி வாசலிலிருந்து தொடங்கி நாலு திக்கிலும் கடை கடையாகக் கேட்டுக்கொண்டே போவது, பாண்டுரங்கனைப் பற்றி எவர் கெட்ட வார்த்தை சொல்கிறாரோ அந்த இடத்தில் நின்று கல்லை நடுவது, இதுதான் முறை. சாட்சிகள் கூச்சப்படாமல் பேசுவதற்காக மனுதாரர் கண்ணில் படக் கூடாது. பாண்டுரங்கன் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதலில் மேற்கே, எதிர் மண்டி.

"ஐயா, இந்தப் பாண்டுரங்கன் எப்படிப்பட்டவரு?"

ராஜாமணி இந்தக் கேள்விக்காகக் காலையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். சிநேகிதனுக்கு ஆயுசில் ஒரு முறை வருகிற சந்தர்ப்பம். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார்.

"அவனா? எமகாதகன் சார்! சரியான கல்லுளிமங்கன். ஒரு மல்லாட்டைய நகத்துல நசுக்கிப் பாத்தே எவ்ளோ எண்ணெய் எறங்கும்னு சொல்லிடுவான் பாவி. அவனை ஒரு தடவையாவது ஏமாத்திடணும்னு நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன். ம்ஹூம்! அவன்கிட்ட ஒரு கொட்டை கூடுதலா வாங்கிக்கினு போனவன் இந்த ஜில்லாவுலயே கிடையாது. எழுதிக்குங்க சார், ஈவு இரக்கம் இல்லாதவன்!"

மூட்டைகளுக்குப் பின்னால் பாண்டுரங்கனின் கண் கலங்கியது. ஒரு மண்டிக்காரனை இதற்குமேல் உயர்த்திப் பேச மொழியில் இடமில்லை. ராஜாமணி தன்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறான் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனியவன் எழுதிக்கொண்டார்: 'எமகாதகன், பாவி, ஈவு இரக்கமற்றவர்.' பிறகு கடப்பாரையை வாங்கி ராஜாமணி மண்டி வாசலில் குழி தோண்ட ஆரம்பித்தார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"எல்லைக்கல்லுங்க. இதோட முடியுது."

"எது?"

"அவரோட நல்ல பேரு."

தெற்கே டீக்கடை. "அவரா? டெய்லி பாலு தண்ணியா கீதுன்னு சண்டை வலிப்பாரு" என்று டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்ன இடத்தில் இரண்டாவது கல் விழுந்தது. வடக்கே காலி மனை. கேட்க ஆள் இல்லாததால் சுவர் ஓரமே எல்லை என்று வைத்துக்கொண்டார். கிழக்கே சாக்கடை. எல்லாம் கூட்டிப் பார்த்ததில் பாண்டுரங்கனின் நற்பெயர் முக்கால் சென்ட் தேறியது. அதிலும் கொஞ்சம் சாக்கடைப் புறம்போக்கு.

"முக்கா சென்ட்டுல கக்கூஸ் கட்டலாம், அடகுக்கடை நடத்த முடியாது" என்றார் தாண்டவராயன், வருத்தத்தோடு. "எதிர்ச்சாட்சி வாக்குமூலத்தை மாத்திக் குடுத்தார்னா மறு அளவைக்கு அனுப்பலாம்."

அன்று மாலையே பாண்டுரங்கன் ராஜாமணியிடம் போனார். வாசலில் இருந்த கல்லில் கால் இடறியது.

"யோவ், ஆபீஸ்ல வந்து என்னை நல்லவன்னு சொல்லுய்யா."

ராஜாமணிக்கு முகம் செத்துவிட்டது. "ஏன்யா, உனக்குப் புத்தி கித்தி கலங்கிப்போச்சா? நானு உன்னை நல்லவன்னு சொன்னா தெருவுல இன்னா நெனப்பாங்க? உன் கடை முழுகிப்போச்சின்னு நெனக்க மாட்டாங்க?"

"தெருவுக்கு யாரு சொல்லப்போறா? ஆபீஸர் காதுல மட்டும் சொல்லு. உரிமம் வராம தை பொறந்துட்டா நானு எங்க போயி உக்காருவேன்? உன் மண்டியிலதான் வந்து உக்காரணும்."

அந்தக் கடைசி வாக்கியம் ராஜாமணியை உலுக்கியது. மறுநாள் காலை பஸ் ஏறி விழுப்புரம் போனார். தாண்டவராயன் முன்னால் நின்று, தொண்டையை மூன்று முறை கனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "பாண்டுரங்கன் நல்லவன் சார்" என்றார். சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு சோடா குடித்தார்.

விஷயம் அத்தோடு நின்றிருக்கும். ஆனால் வாக்குமூலம் மாறினால் அதைப் பொதுமக்களுக்கு அறிவித்து ஆட்சேபணை கோர வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு நடைமுறை இருந்தது. வியாழக்கிழமை, மண்டித் தெருவில் நெரிசல் உச்சத்தில் இருந்த வேளையில், மைக் கட்டிய ஆட்டோ ஒன்று ஊர்ந்து வந்தது.

"இதனால் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், மண்டித் தெரு பாண்டுரங்கன் அவர்கள் நல்லவர் என்று எதிர் மண்டி ராஜாமணி அவர்கள் தெரிவித்துள்ளார்! பாண்டுரங்கன் அவர்கள் நல்லவர் என்பதில் ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து தினங்களுக்குள் நேரில் வந்து தெரிவிக்கலாம்!"

தராசுகள் நின்றன. மூட்டை தூக்கிக்கொண்டு போனவர் தூக்கிய வாக்கிலேயே நின்றார். பிறகு தெருவெங்கும் செருப்பு தேடுகிற சத்தம் கேட்டது.

முதலில் வந்தவள் சவுரியம்மாள். ஒலக்கூர் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போடுகிறவள். அறுவடையானதும் மூட்டைகளைக் கொண்டுவந்து பாண்டுரங்கன் மண்டியில் போட்டுவிட்டு, விலை ஏறும்போது வந்து பணம் வாங்கிக்கொள்வாள். சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது.

"மொதலாளி, ஒடம்பு கிடம்பு நல்லா கீதா?"

"நல்லாத்தான் இருக்கேன் சவுரி. ஏன்?"

"இல்ல, மைக்குல உங்கள நல்லவருன்னு சொல்லிக்கினு போறான். போட்டது போட்டபடி ஓடியாந்தேன். தப்பா நெனச்சிக்காதீங்க, என் மூட்டைங்கள குடுத்துடுங்க. ராஜாமணி ஐயா மண்டியில போட்டுக்கறேன்."

"அந்தத் திருடன்கிட்டயா?"

"அவரு திருடன்னு ஊருக்கே தெரியும் மொதலாளி. அதான் கொஞ்சம் தைரியமா கீது."

மத்தியானத்துக்குள் மண்டி காலியாகிவிட்டது. தரையில் நாலு சொத்தைக் கடலையும் ஒரு எலியும்தான் மிச்சம். எலியும் கிளம்புகிற யோசனையில்தான் இருந்தது.

பாண்டுரங்கன் மறுபடியும் விழுப்புரத்துக்கு ஓடினார். "சார், நல்ல பேரு இருக்கான்னு கேட்டுக் கேட்டே இருந்ததையும் வாரிக்கினு போயிட்டீங்களே சார்!"

"அவசரப்படாதீங்க" என்றார் தாண்டவராயன். "ஒரே ஆளு முன்னுக்குப் பின்ன சொன்னா நாங்க எதை எடுத்துக்கறது? எங்களுக்கு வேண்டியது என்ன தெரியுமா? மத்த வியாபாரிங்க எல்லாம் சேந்து, எழுத்துல, போட்டோவோட, பொதுச் சுவத்துல, இவரு நல்லவருன்னு போட்டிருக்கணும். அதை யாரும் மறுத்திருக்கக் கூடாது."

"உலகத்துல எந்த வியாபாரிக்கு சார் அப்படிப் போடுவாங்க?"

"ஏன், போன வருஷம் செஞ்சிக்காரர் ஒருத்தருக்குப் போட்டாங்களே! எவ்ளோ அருமையான ஆதாரம் தெரியுமா? அதைப் படிச்சிட்டு எனக்கே ரெண்டு நாளு மனசு சரியில்ல. உடனே கையெழுத்துப் போட்டேன். ஏம்மா மலர்விழி, அந்த ஃபைலை எடு."

எழுத்தர் மலர்விழி ஃபைலைக் கொண்டுவந்து, மடித்து வைத்திருந்த ஒரு பெரிய தாளை மேஜைமேல் விரித்தாள். கறுப்புக் கரை. நடுவில் ஒரு மனிதர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இரு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'.

பாண்டுரங்கன் மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "இவரு வந்து உரிமத்தை வாங்கிக்கினாரா சார்?"

"அவரு எப்படிங்க வருவாரு? அவரு சம்சாரம் வந்தாங்க."

அன்றிரவு வீட்டில் புனிதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: "உங்களுக்கும் அந்த மாதிரி போஸ்டர் ஒண்ணே ஒண்ணு அடிச்சி ஒட்டுவோம். ஆபீஸ்காரங்க போட்டோ புடிச்சதும் கிழிச்சிடலாம். காலண்டர் கிழிக்கற மாதிரிதான், வேற ஒண்ணுமில்ல."

வியாபாரிகள் சங்கத்துக்கு ராஜாமணிதான் செயலாளர். நண்பர்கள் இருவரும் விழுப்புரத்தில் ஒரு அச்சகத்தில் உட்கார்ந்தார்கள். என்ன எழுதுவது என்பதில் பேரம் தொடங்கியது.

"'கொடை வள்ளல்'னு போடுய்யா."

"யாரு, நீயா? யோவ், சாவு போஸ்டர்லகூட ஒரு நியாயம் வேணாமா? 'பண்பாளர்' தரேன், எடுத்துக்க."

"பண்பாளர் எல்லாப் பொணத்துக்கும் போடறதுய்யா. எனக்குன்னு தனியா ஒண்ணு குடு. 'ஏழைப் பங்காளர்'?"

"எந்த ஏழைக்கு எந்தப் பங்கைக் குடுத்த? 'எளிமையானவர்' வச்சிக்க. உன் சட்டையப் பாத்தா ஒருத்தனும் ஆட்சேபணை பண்ண மாட்டான்."

"சரி, 'நேர்மையின் சிகரம்' மட்டும் குடுத்துடு."

"சிகரம்லாம் கட்டுப்படியாவாது. 'நேர்மையாளர்'. கடைசி வெலை."

"'மாசற்ற நேர்மையாளர்'னா படிஞ்சிடும்."

ராஜாமணி எழுந்து போவதுபோல் வாசல்வரை போனார். பாண்டுரங்கன் கூப்பிடவில்லை. ராஜாமணி தானே திரும்பி வந்தார். "சரி தொலை, மாசற்ற போட்டுக்க. ஆனா எளிமையானவரை எடுத்துடுவேன்."

படிந்தது. அடியில், 'இறுதிச் சடங்கு சொந்த ஊரான திருவாமாத்தூரில் நடைபெற்று முடிந்தது' என்று ஒரு வரி சேர்த்தார்கள். யாரும் உடலைத் தேடி வந்துவிடக் கூடாது அல்லவா?

ஒன்றே ஒன்று என்று சொன்னபோது அச்சகக்காரர் சிரித்தார். இருநூறுக்குக் கீழே மெஷினையே தொட மாட்டாராம். இருநூறுக்கும் ஆன பணத்தில் பாதியைச் சங்கத்திலிருந்து ராஜாமணி எடுத்துக் கொடுத்தார். இங்கேதான் காரியம் கெட்டது. காசு கொடுத்து வாங்கிய சரக்கைக் கட்டோடு மூலையில் போட்டு வைப்பது மண்டித் தெருவில் பிறந்த எவருக்கும் ஆகிற வேலை இல்லை. ஒன்றை மட்டும் ஒட்டிவிட்டு மீதியை என்ன செய்வது என்று ராஜாமணி படுக்கையில் புரண்டார். விடியற்காலையில் போஸ்டர் ஒட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கட்டை அப்படியே கொடுத்துவிட்டார்.

விடிந்தபோது திண்டிவனம் முழுவதும் பாண்டுரங்கன் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில், மேம்பாலத் தூண்களில், சினிமா போஸ்டர்மேல், மரக்காணம் சாலையில் கடைசி மின்கம்பம்வரை.

நிஜப் பாண்டுரங்கன் காலி மண்டியின் உள்ளறையில் கோணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். போட்டோ எடுத்து முடிகிறவரை வெளியே தலை காட்ட வேண்டாம் என்று புனிதா பூட்டிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்தாள். வாசலில் கூட்டம் சேரும் சத்தம் கேட்டது. பிறகு சவுரியம்மாளின் குரல்.

"தராசுல ஒரு நாளு கை வச்சது கிடையாதே எஞ்சாமி! எம் பொண்ணுக்கு வலி எடுத்தப்ப மண்டி வண்டிய அனுப்பினியே! சீட்டு இல்லாம மூட்டையப் போட்டுட்டுப் போயி நிம்மதியா தூங்குவனே! மைக்குல எவனோ கத்தினான்னு மூட்டைய எடுத்துக்கினு போனேனே, அதுலதான மனசு வுட்டுட்ட நீ!"

டீக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "அவரு மட்டும் சண்டை போடலைன்னா நான் பச்சத் தண்ணியத்தான் ஊத்திக்கினு இருப்பேன். என் கடையில டீ நல்லா இருக்குதுன்னா அவருதான் காரணம்."

ராஜாமணி துக்கத்துக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ரெண்டு விசும்பு, நாலு பெருமூச்சு என்று திட்டம். முதல் விசும்பு போட்டதும் அது அவர் கையை விட்டுப் போய்விட்டது. "இத்தினி வருஷத்துல ஒரு நாளாவது அவன் மூஞ்சிக்கு நேரா நல்லவன்னு சொன்னேனா? எவனோ ஆபீஸர்கிட்ட போயி சொன்னேனே!" என்று எல்லைக்கல்லின்மேலேயே உட்கார்ந்து அழுதார். செத்தவன் சாகவில்லை என்று தெரிந்த ஒரே வெளியாள் அவர். அவரைத்தான் யாராலும் தேற்ற முடியவில்லை.

உள்ளே பாண்டுரங்கனுக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டார். கதவைத் தட்டினால் புனிதா திறந்திருப்பாள். தட்டவில்லை. வெளியே போனால் இதெல்லாம் நின்றுவிடும்.

இனியவன் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து எழுதினார். பழைய கற்களைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு மறு அளவைக்குக் கிளம்பினார். கிழக்கே மரக்காணம் சாலை தாண்டியும் ஒரு கெட்ட வார்த்தை கிடைக்கவில்லை. தெற்கே முண்டியம்பாக்கம்வரை விசாரித்தார். பாண்டுரங்கனை ஒரு முறைகூடப் பார்த்திராதவர்கள் அவர் காட்டிய போஸ்டரைப் பார்த்துவிட்டு, "அடடா, தங்கமான மனுஷனாச்சே" என்றார்கள். கல் தீர்ந்துபோய் இனியவன் அலுவலகம் திரும்பினார்.

அதற்குள் போஸ்டரைக் கிழிப்பது என்பது முடியாத காரியமாகிவிட்டது. எல்லாவற்றிலும் மாலை தொங்கியது.

மூன்றாம் நாள் பாண்டுரங்கன் மீசையை எடுத்துவிட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு, புனிதாவோடு பஸ்ஸில் விழுப்புரம் போனார். தாண்டவராயன் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா! உங்க வீட்டுக்காரருக்கு இவ்ளோ விஸ்தீரணமான நல்ல பேரு. இந்த ஆபீஸ் சரித்திரத்துலயே கிடையாது. ஒரு ஆட்சேபணைகூட இல்ல. வாரிசுங்கற முறையில உரிமம் உங்க பேருக்கு ரெடி. நல்ல பேரு நிலம் மாதிரிதாம்மா, தானா வாரிசுக்கு எறங்கிடும்."

"சார்" என்றார் பாண்டுரங்கன் மப்ளரை அவிழ்த்தபடி. "நான் உயிரோடதான் இருக்கேன்."

தாண்டவராயன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. நீண்ட சர்வீஸில் எத்தனையோ பார்த்தவர்.

"இருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லல. இறப்புச் சான்று வேற ஆபீஸு, அதுல நாங்க தலையிடறது கிடையாது. எங்களுக்கு நல்ல பேரு இருந்தாப் போதும். எங்க அனுபவத்துல, ஒருத்தருக்கு நல்ல பேரு முழுசா வந்துடுச்சின்னா ஆளு போயிட்டாருன்னுதான் கணக்கு. இப்ப நீங்க உயிரோட இருக்கறதா எழுதிக் குடுத்தீங்கன்னு வச்சிக்குவோம். அந்த நல்ல பேரு மொத்தமும் ரத்து. மறுபடியும் முக்கா சென்ட். சாக்கடையையும் சேத்து. மேல, பொய்யா செத்தீங்கன்னு ஒரு கேஸு வரும்." சற்று யோசித்தார். "அதுல விடுதலையானீங்கன்னா அப்பறம் சுலபம்தான். ஆனா அதுக்கு வருஷக் கணக்காவும். யோசிச்சிச் சொல்லுங்க. உங்களுக்கு இனிமே என்ன அவசரம்?"

பாண்டுரங்கன் புனிதாவைத் திரும்பிப் பார்த்தார். மலர்விழி நீட்டிய இடத்தில் அவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

"போர்டுல என் பேருதானங்க இருக்கு" என்றாள் சமாதானமாக. "மாத்தி எழுதற செலவு மிச்சம்."

தை பிறந்தது. திண்டிவனத்தில் மண்டி இடிந்தது, விழுப்புரத்தில் கோணி அவிழ்ந்தது. நற்பெயருக்கு உரியவரின் படம் கடையில் பார்வையில் படும்படி இருக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. எனவே கல்லாவுக்குமேல் பாண்டுரங்கன் மீசையோடு, மாலையோடு, சீரியல் பல்போடு மாட்டப்பட்டார். அதற்குக் கீழே ஒரு ஸ்டூலில் மீசை இல்லாத பாண்டுரங்கன் உட்கார்ந்து நகையை உரசிப் பார்த்தார்.

மாதம் ஒரு முறை ராஜாமணி பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார். வந்தால் படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். ஒரு நாள் பாண்டுரங்கன் அவரைத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"யோவ், ஒரே ஒரு வாட்டி என்னைத் திட்டுய்யா. டீ எறங்கவே மாட்டேங்குது."

ராஜாமணி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இன்னொரு முறை முயன்றார். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"முடியலய்யா. செத்தவங்கள எப்படித் திட்டறது? நீ நல்லவன்யா."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். பாண்டுரங்கன் கடைக்குத் திரும்பினார். கெடாரிலிருந்து அம்மணி என்று ஒரு பெண்மணி சங்கிலியோடு வந்திருந்தாள். கழற்ற மனமில்லாமல் கழுத்திலேயே கையை வைத்துக்கொண்டு, மேலே இருந்த படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"இவரா உங்க வீட்டுக்காரரு? கேள்விப்பட்டேன்க்கா. மாசில்லாத மனுஷனாமே. இவரு பேரைக் கேட்டுத்தான் நம்பி வந்தேன்."

"ஆமாங்க" என்றாள் புனிதா.

அம்மணி சங்கிலியைக் கழற்றி நீட்டினாள். உரசிப் பார்க்க ஸ்டூலில் இருந்தவர் கையை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். புனிதாவின் காதோரம் குனிந்தாள்.

"இது யாருக்கா?"

"வேலைக்கு சேந்திருக்காரு. புதுசு."

"ஆளு எப்படி? நம்பலாமா?"

புனிதா ஒரு கணம் படத்தைப் பார்த்தாள். ஒரு கணம் ஸ்டூலைப் பார்த்தாள்.

"விசாரிச்சிக்கினு இருக்கோம்" என்றாள்.